ஓயெனுக்காக ஒரு பிரம்பு

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தோம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு கோடாகக் கீறியிருக்கிறது. அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "முள்வேலிக்குள் கையை விட்டாளா?" என்று கேட்டாள். பூனைக்குட்டி செய்த வேலை என்றதும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்துக்குக் கீழே, "இது நல்ல குட்டி இல்லை அப்பா, யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது. வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

கோலாலம்பூர்ச் செந்தூலில் மாமாக் சாப்பாட்டுக்கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் கிடந்ததை நீ தூக்கிவந்தபோது அதற்கு ஐந்து வாரம் இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னாய். அது ஏன் இப்படிக் கடித்துக் கீறுகிறது என்பதற்குப் பதில் பெரும்பாலும் அந்த ஐந்து வாரத்திலேயே இருக்கிறது. ஐந்து வாரக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவர்களிடமும் கடிபட்டுக் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய குட்டி.

நான் பட்டர்வொர்த் துறைமுகக் கிடங்கில் இரவு வேலை பார்த்த நாட்களை நீ அறியமாட்டாய். மூட்டைகளுக்கு எலி வரும் என்பதால் அங்கே பூனைகளை யாரும் விரட்டுவதில்லை. வால் நுனி முடிச்சுப் போட்டதுபோல் வளைந்த ஒரு சாம்பல் பூனை, சணல் சாக்குக் குவியலில் நான்கு குட்டி போட்டிருந்தது. (நம் பக்கத்துப் பூனைகளின் இந்தக் குட்டை வாலையும் முடிச்சையும் டார்வினே குறித்து வைத்திருக்கிறார் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.) லாரி வராத நேரத்தில் எனக்கு அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பொழுதுபோக்கு. ஒரு சாம்பல் குட்டி வெள்ளைக் குட்டியின் காதை அழுத்திக் கடிக்கும். வெள்ளை 'கீச்' என்று ஒரே ஒரு சத்தம் போடும். அடுத்த நொடி எழுந்து போய்த் தாயின் முதுகுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். சாம்பலுக்கு விளையாட ஆள் இல்லை. தன் வாலையே கொஞ்ச நேரம் துரத்திப் பார்க்கும், சலித்துப்போகும், மெல்ல வெள்ளையிடம் வரும். இந்த முறை கடி பாதிதான். ஒருநாள் அது தாயின் வாலையே கடித்தது. தாய் சீறவில்லை. ஒரு முன்காலை அதன் கழுத்தின் மேல் வைத்து அழுத்தி, மூச்சு நான்கு விடும் நேரம் பிடித்திருந்துவிட்டு, காலை எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டது. அவ்வளவுதான் பாடம். ஆனால் இரவு முழுக்க இருபது முறை, தினமும், வாரக்கணக்கில்.

உன் குட்டி ஓயென் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று அவனுக்குச் சொல்ல யாருமில்லை. இப்போது அவனுக்கு அந்த வெள்ளைக் குட்டியும் நீதான், தாயும் நீதான்.

ஓயென் என்று நீ பெயர் வைத்தபோதே நான் சிரித்தேன். இந்த நாட்டில் ஆரஞ்சு நிறப் பூனை எல்லாம் ஓயென், ஓயென் எல்லாம் அடங்காப்பிடாரி என்று ஊரே பேசுகிறது. ஆரஞ்சுப் பூனைகளில் ஏறக்குறைய ஐந்துக்கு நான்கு கடுவன்கள் என்பது மட்டும் மெய். மற்றது ஊர்ப்பேச்சு. நிறத்தின் மேல் பழி போட்டுத் தப்பிக்காதே.

பழி யார்மேல் என்றால், கொஞ்சம் உன்மேலும்தான். அவன் வந்த மூன்றாம் நாள் நீ அனுப்பிய வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. போர்வைக்கடியில் விரலை ஆட்டுகிறாய். அவன் பின்புறத்தைக் குலுக்கிப் பாய்கிறான். நீ விழுந்து விழுந்து சிரிக்கிறாய். 'பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது' என்று உன் பாட்டி சொல்லுவார். உன் வீட்டில் எலி உன் கைதான் என்று நீயே அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாய். அரை வாரத்தில் கற்றதை மறக்க அவனுக்கு ஐந்தாறு வாரமாவது பிடிக்கும். அதுவரை விரலைக் காட்டி விளையாடுவது அடியோடு நிற்க வேண்டும். உன் அறைத்தோழியிடமும் சொல்லிவை. ஒருத்தி நிறுத்தி இன்னொருத்தி ஆட்டினால் குட்டிக்குப் பைத்தியம் பிடிக்கும்.

இனி கடித்தால், கையை வெடுக்கென்று இழுக்காதே. ஓடுகிற எதையும் விடக்கூடாது என்பது அவன் இரத்தத்திலேயே இருக்கிறது. இழுத்தால் பல் இன்னும் ஆழப் பதியும், கீறலும் நீளும். கையை அப்படியே மரக்கட்டையாக்கு. முடிந்தால் நூலளவு அவன் வாய்ப்பக்கமே நகர்த்து. எலி எதிர்த்து வருவதை அவன் எதிர்பார்த்திருக்கமாட்டான். பிடி தளரும். தளர்ந்ததும் பேசாமல் எழுந்து, ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ வேறு அறைக்குப் போய்விடு. திட்டாதே, கொஞ்சாதே, திரும்பிப் பார்க்காதே. 'ஆ' என்று சின்னதாக ஒரு சத்தம் போடலாம். ஆனால் சில குட்டிகளுக்கு அந்தச் சத்தமே உற்சாகம் ஊட்டும். அவன் எந்த ரகம் என்று இரண்டு நாளில் உனக்கே தெரிந்துவிடும்.

கடிக்க எதுவும் கொடுக்காமல் கடிக்காதே என்றால் அது அநியாயம். உன் பழைய காலுறை ஒன்றில் துண்டைத் திணித்து, வாயைத் தைத்து, அவன் நீளத்துக்கு ஒரு பொம்மை செய். முன்காலால் கட்டிப் பிடித்துப் பின்காலால் உதைத்துக் கிழிக்க அவனுக்கு அப்படி ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் உன் முன்கைதான் அகப்படும். அவன் மல்லாந்து வயிற்றைக் காட்டும்போது ஏமாந்து தடவப் போகாதே. வயிற்றைத் தொட்டதும் நான்கு காலும் பொறியாக மூடிக்கொள்ளும்.

காலை ஐந்தரைக்கும் இரவு ஏழரைக்கும் பேய் பிடித்ததுபோல் ஓடுகிறான் என்கிறாய். அது அவன் வேட்டை நேரம். பூனைகள் விடிகாலையிலும் அந்தியிலும்தான் முறுக்கேறும். நீயோ காலையில் எல்ஆர்டி ரயில் பிடிக்க ஓடுகிறாய், இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறாய். பகல் முழுக்கத் தூங்கியவன், கதவு திறந்ததும் உன் கணுக்காலைப் பாய்ந்து பிடிக்கிறான். வேறென்ன செய்வான்? வீட்டுக்கு வந்ததும் கைப்பையை வைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் எதையாவது தரையில் இழுத்து அவனை ஓடவிடு. கடைசியில் அவன் அதைப் பிடித்தே ஆக வேண்டும். சுவரில் சிவப்பு வெளிச்சப் புள்ளியை ஆட்டுகிறாயே, அதில் அவன் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. வெறும் கையோடு நிற்கும் வேட்டைக்காரனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? பிடித்ததும் சாப்பாடு வை. துரத்தினான், பிடித்தான், தின்றான், நக்கிக்கொண்டான், தூங்கினான் என்று அந்த வரிசை முடிந்தால்தான் உனக்கும் தூக்கம்.

நூல், ரப்பர்வளையம் எதையும் விளையாடி முடித்தபின் தரையில் விடாதே. விழுங்கிவிட்டால் குடல் சுருங்கி மடிந்துவிடும், அறுவை சிகிச்சை வரை போகும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கக் கண்டால் இழுக்காதே, நேரே மருத்துவரிடம் ஓடு.

இன்னொன்று, அவன் பல். பூனைக்குட்டிக்குப் பால்பற்கள் 26. மூன்றரை, நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 30 பற்கள் முளைத்துவிடும். அந்த நாட்களில் ஈறு தினவெடுக்கும், இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கடிப்பான். அரிசிமணிபோல் ஒரு பல் தரையில் கிடந்தால் பயப்படாதே, எடுத்து வை, அம்மா பார்க்க வேண்டும் என்கிறாள். ஐந்து மாத வாக்கில் கருத்தடை செய்துவிடு. தடுப்பூசி அட்டையில் அடுத்த தேதியைத் தவறவிடாதே.

உன் கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீறலைவிடக் கடி மோசம். பூனைப் பல் ஊசிபோல் உள்ளே இறங்கும், மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே தங்கிவிடும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவு. பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்து நிமிடம்தான், பைப்பைத் திறந்து மூடுவது கணக்கில் வராது. மறுநாள் வீங்கினால், சிவந்தால், விரலை மடக்க முடியாவிட்டால் கிளினிக்குக்குப் போ, வேலை முடியட்டும் என்று காத்திராதே. தெருவில் வேறு பூனையோ நாயோ கடித்தால் கட்டாயம் போ. 2015இல் இங்கே பினாங்கிலும் கெடாவிலும் பெர்லிஸிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியபோது நம் தெருவே கிலி பிடித்துக் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். சரவாக்கில் 2017 முதல் அது ஆட்களையே கொன்றிருக்கிறது.

இவ்வளவும் எழுதியபின், சொல்ல வந்ததைச் சொல்லாமல் உறையை ஒட்டப் பார்த்தேன்.

நம் வீட்டுக் கறுப்பனை நினைவிருக்கிறதா? நான் வேலைவிட்டு வந்ததும் அலமாரிக்கடியில் போய் ஒளிந்துகொள்வானே, அவன். "அப்பா சத்தமாகப் பேசுவதால் பயப்படுகிறான்" என்று நீ எல்லோரிடமும் சொல்லுவாய். நானும் தலையாட்டுவேன். உண்மை அதுவன்று. அவன் நான்கு மாதக் குட்டியாக இருந்தபோது, நான் இரவு வேலை முடிந்து படுத்திருந்தேன். போர்வைக்கு வெளியே இருந்த என் கால் பெருவிரலைக் கடித்தான். பக்கத்தில் கிடந்த நாளிதழைச் சுருட்டி மூக்கில் ஓர் அடி போட்டேன். அடுத்த நாளும் கடித்தான், அடுத்த நாளும் அடித்தேன். மூன்றாம் நாளிலிருந்து அவன் கடிக்கவில்லை. வழிக்கு வந்துவிட்டான் என்று நினைத்தேன். அவன் என் கை எட்டும் தூரத்துக்கு வருவதையே விட்டுவிட்டிருந்தான். பதினோரு வருடம் இந்த வீட்டில் வாழ்ந்தான் பாப்பா. உன் மடியில் தூங்கினான், அம்மாவின் காலைச் சுற்றினான். நான் கையை நீட்டினால், தடவத்தான் நீட்டுகிறேன் என்றாலும், கண்ணை இறுக்கிக்கொண்டு காதை மடக்கித் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்வான். கடைசி நாளில் நான் துண்டில் சுற்றித் தூக்கியபோதுகூட.

ஆகவே அடிக்காதே. மூக்கில் சுண்டாதே, தண்ணீர் பீய்ச்சாதே. கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தால் என்னிடம் கொடு, இங்கே அலமாரிக்கடி காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு மாதம் முயன்று பார்த்துவிட்டுக் கொடு.

வரும் சனிக்கிழமை காலை ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் ஈடிஎஸ் ரயில் பிடித்து வருகிறேன். அம்மா நெத்திலிச் சம்பலும் முறுக்கும் கட்டித் தருவாள். அவை உனக்கு. உப்பும் மிளகாயும் ஓயெனுக்கு ஆகாது, அவன் எப்படிக் கெஞ்சினாலும் கொடுக்காதே. அவனுக்கு நான் தனியாக ஒன்று கொண்டுவருகிறேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குமே, வாய்ப்பாட்டுக்காக நீ வாங்கிக் கட்டிக்கொண்ட அந்த ரோத்தான் பிரம்பு, அதை இன்று மதியம் இறக்கினேன். தூசி தட்டி, பிசிரை உப்புத்தாளால் தேய்த்து, நுனியில் முழ நீளம் கெட்டிக் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் பக்கத்து வீட்டுச் சேவலின் இறகு மூன்றை இறுக்கி முடிந்திருக்கிறேன். கூடத்தில் ஆட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் பறக்கிறது. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ரயிலில் அதைப் பிடித்துக்கொண்டு போனால் யாராவது என்ன நினைப்பார்கள்?" என்கிறாள். துணியில் சுற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா