பாத்தர்ஸ்ட் மலைக்குப் போகிற நண்பனுக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. சிட்னி போகும்போது பாத்தர்ஸ்ட் ஊரின் கார் ரேஸ் பாதையான மவுண்ட் பனோரமாவுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறாயே, அது தாராளமாகப் போதும். மேற்கே சுமார் 200 கிலோமீட்டர். ப்ளூ மவுண்டன்ஸ் தாண்டி காரில் மூன்று மணி நேரம்.

ரேஸ் இல்லாத நாளில் அது ஊர்க்காரர்கள் போய்வரும் சாதாரணச் சாலை. டிக்கெட் கிடையாது. எதிரில் வண்டி வரும். வேக வரம்பு 60. ஓரத்தில் வீடுகளும் திராட்சைத் தோட்டங்களும் இருக்கின்றன, வாசலிலிருந்து யாராவது காரைப் பின்னால் எடுப்பார்கள், கவனம். அக்டோபரில் 1000 கிலோமீட்டர் ரேஸ், பிப்ரவரியில் 12 மணி நேர ரேஸ். அந்த நாட்களில் சாலையை மூடிவிடுவார்கள். தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்பு.

அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான விராஜுரி மக்கள் அந்த மலையை வாலூ என்பார்கள். 1930-களில் வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுக்க அரசு ஒதுக்கிய பணத்தில், சுற்றுலாச் சாலை என்று சொல்லித்தான் இதைப் போட்டார்கள். மேயர் மார்ட்டின் கிரிஃபினின் மனதில் ரேஸும் இருந்தது. 1938 மார்ச்சில் திறந்தார்கள். அடுத்த மாதமே, ஈஸ்டருக்கு, ஆஸ்திரேலியன் கிராண்ட் பிரி நடந்தது. பீட்டர் வைட்ஹெட் ஈ.ஆர்.ஏ. காரில் ஜெயித்தார். மலை வளைந்த இடத்தில் சாலையும் வளைந்தது, பாறை நின்ற இடத்தில் குறுகியது. இன்றைக்கும் கார்களைச் சோதிப்பது அந்தப் பழைய வளைவுகள்தான். ரேஸ் நடுவே கார்களைக் கவனிக்கும் பிட் கட்டடத்தைப் படம் எடுப்பதில் நேரத்தைக் கழிக்காதே, நேரே மேலே போ.

முதல் சுற்றை ரேஸ் போகும் திசையில், இடஞ்சுழியாகப் போ. மொத்தம் 6.213 கிலோமீட்டர், 23 வளைவு. அடிக்கும் உச்சிக்கும் 174 மீட்டர் வித்தியாசம். ஹெல் கார்னரில் இடது திரும்பியதும் ஏற்றம் தொடங்கும். கிரிஃபின்ஸ் பெண்ட் வளைவைத் தாண்டினால் கட்டிங் என்கிற குறுகிய ஏற்றம். இங்கே கியரை முன்கூட்டியே குறைத்துவிடு. ஆறு மீட்டர் போனால் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஏறும், அவ்வளவு செங்குத்து. இருபுறமும் சுவர். ரேஸில் ஒரு கார் இங்கே சுழன்று குறுக்கே நின்றால் பின்னால் வருகிறவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. அந்த ஏற்றத்தில் நின்ற காரை மறுபடி கிளப்பினால் கிளட்ச் கருகும்.

மேலே மக்ஃபிலமி பார்க்கில் காரை நிறுத்திவிட்டு, ஓரமாக ஸ்கைலைன் என்கிற உச்சி வரை நட. அங்கே சாலை திடீரென்று கண்ணிலிருந்து மறையும். வேகமாக வருகிற கார் அந்த விளிம்பைத் தாண்டும்போது டயர் மேலுள்ள பாரம் குறைகிறது. அந்த நேரத்தில் பிரேக்கைத் தொட்டால் எடை முழுக்க முன்னால் சாய்ந்து, பின்பக்கம் பிடியை இழந்து வீசும். 1969-இல் முதல் சுற்றிலேயே பில் பிரவுனின் ஃபால்கன் கார் இங்கே உருண்டு, பின்னால் வந்தவர்கள் அடுக்கடுக்காக மோதினார்கள். உச்சியில் நின்று பார்த்தால் காரணம் புரியும்: முன்னால் போகிற கார் என்ன ஆனது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியவே தெரியாது.

பிறகு எஸ்ஸஸ், டிப்பர், ஃபாரஸ்ட்ஸ் எல்போ என்று வளைவுகள், அதற்கப்புறம் நீண்ட கான்ராட் இறக்கம். 1939-இல் ஃபிராங்க் கிளைனிக்கின் காரில் கனெக்டிங் ராடு (சுருக்கமாகக் கான்ராட், எஞ்சினுக்குள் பிஸ்டனை இணைக்கும் தண்டு) உடைந்துபோனதால் வந்த பெயர் அது. ரேஸ் கார் இங்கே 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மேலே ஓரக்கற்களில் ஏறி இறங்கும்போது சக்கரத்தின் நடுவிலுள்ள வீல் ஹப் லேசாக அசையும், அதோடு சுழலும் டிஸ்க், தன்னை அழுத்தி நிறுத்தும் பிரேக் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும். கீழே வந்து மிதித்தால் பெடல் சரசரவென்று உள்ளே போகும், கார் நிற்காது. அதனால் வலது கால் ஆக்சிலரேட்டரில் இருக்கும்போதே இடது காலால் பிரேக்கை லேசாகத் தட்டி, பேடை டிஸ்க்கோடு சேர்த்துவைத்துக்கொள்வார்கள்.

இறக்கத்தின் முடிவில் வருகிற சேஸ் வளைவு, வேகத்தைக் குறைக்க 1987-இல் சேர்த்தது. முந்தைய ஆண்டு மைக் பர்க்மன் கான்ராடில் மோதி இறந்துபோனார். பழைய நேர்ச்சாலை போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. என் மனசு அந்த வளைவின் பக்கம்தான்.

2017-இல் தகுதிச் சுற்றில் ஸ்காட் மக்லாஃப்லின் 2 நிமிடம் 3.8 விநாடியில் ஒரு சுற்றை முடித்தார், சராசரி மணிக்கு 180 கிலோமீட்டர். உனக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். இரண்டாவது சுற்றை எதிர்த்திசையில் போ, கான்ராட் எத்தனை செங்குத்து என்று ஏறும்போதுதான் தெரியும். சுற்றின் கடைசி வளைவான முர்ரேஸ் கார்னர் பக்கத்திலேயே மோட்டார் ரேசிங் மியூசியம் இருக்கிறது, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள். முழங்காலுக்கு கட்டிங்கில் நடப்பது வேண்டாம், ஸ்கைலைன் வரை போதும். அங்கிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
ராமு