செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: த்ரீ நாட் த்ரீ மேகசின்களின் முத்திரைகளும் பூச்சுத் தேய்மானமும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, ஆயுதக் கிடங்குகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த வேலை ஒன்றுதான்: காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள, த்ரீ நாட் த்ரீ (.303) எனப்படும் லீ என்ஃபீல்டு துப்பாக்கிகளின் மேகசின்களை, அதாவது தோட்டா அடைக்கும் பெட்டிகளை, இனங்காண காப்பாளர்களுக்குப் பயன்படும் ஒரு குறிப்பைத் தயாரிப்பது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020ஆம் ஆண்டு குடியரசு நாளில் இத்துப்பாக்கிக்கு விடைகொடுத்ததை நினைத்தால், இந்த வேலை சற்றுத் தாமதமாகவே நம்மிடம் வந்தது எனலாம். ஆயுதத்தின் பாகங்களும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குள் அடங்கும் என்பதால் உறுப்பினர் எவரும் எதையும் கையோடு கொண்டுவரவில்லை. படங்களைக் கொண்டும், காப்பாளர் முன்னிலையில் பார்த்தவற்றைக் கொண்டுமே குறிப்பு எழுதப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வடிவத்தில் சிக்கல் இல்லை. .303 மேகசின் பத்துத் தோட்டா கொள்ளும், அடிப்பகுதி சரிந்திருக்கும். இஷாப்பூரில் 7.62 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்யப்பட்ட 2ஏ1 துப்பாக்கியின் மேகசின் பன்னிரண்டு கொள்ளும். சதுரப் பெட்டி போலிருக்கும்.

முத்திரைகளில்தான் வாதம் நீண்டது. எம்47சி என்பது பிரிட்டனின் பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்) நிறுவனத்தின் ஷெர்லி ஆலையையும், கட்டத்துக்குள் உள்ள எஸ் எழுத்து அமெரிக்காவின் சாவேஜ் ஆலையையும் காட்டுபவை. அகன்ற அம்புக்குறியோ அரசுடைமையைக் காட்டுவது மட்டுமே. அதைச் செய்தவரின் குறியாகக் கொள்வது நம்மில் சிலரும் செய்த பிழை. ஓர் ஆலையின் துப்பாக்கியில் இன்னோர் ஆலையின் மேகசின் இருப்பதில் ஐயப்பட ஒன்றுமில்லை.

துப்பாக்கியின் எண்ணையே மேகசினிலும் அடிக்கும் வழக்கம் இந்தியாவில் இருந்தது. மேகசினின் உதடுகளை (தோட்டாவைப் பிடித்திருக்கும் வாய் விளிம்புகளை) அந்தந்தத் துப்பாக்கிக்கேற்ப நெம்பிச் சரிசெய்த ஆர்மரருக்கு, அதாவது ஆயுதம் பழுதுபார்ப்பவருக்கு, அதை மாற்றிப் போட்டால் தோட்டா சிக்கும் என்பது தெரியும். பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புது எண் பதித்திருந்தால் அதைப் போலி எனக் கழிக்கவேண்டாம் என்றும், அது கிடங்கில் நடந்த பணியின் பதிவாகவே இருக்கலாம் என்றும் எழுதியுள்ளோம். எண்ணின் பள்ளத்துக்குள்ளும் பூச்சு இருந்தால் எண் முந்தியது, பூச்சு பிந்தியது. பள்ளம் வெறும் இரும்பாக இருந்தால் பூச்சு முந்தியது என்பதே நாங்கள் முதலில் பார்க்கச் சொல்லும் இடம்.

தேய்மானத்தைப் பற்றி ஆறு கூட்டங்கள் பேசினோம். இத்துப்பாக்கியில் மேகசினைக் கழற்றாமலே, மேலிருந்து ஐந்தைந்து தோட்டாக்களாகச் சார்ஜர் (தோட்டாக்களைக் கோத்து வைக்கும் உலோகப் பட்டை) வழியே நிரப்புவது முறை. துடைப்பதற்குத்தான் மேகசின் கழற்றப்படும். ஆகவே இயல்பான தேய்மானம், துப்பாக்கிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கீழ் விளிம்புகளிலும், கை பிடிக்கும் முன்பக்க மூலைகளிலும், தோட்டா உரசும் உதடுகளின் உட்புறத்திலும் மிகுந்து காணப்படும். பக்கத்தகட்டின் பள்ளங்களில் புளூயிங் (இரும்புக்குத் தரப்படும் கருநீலப் பூச்சு) பெரும்பாலும் பிழைத்திருக்கும். பள்ளமும் மேடும் ஒரே அளவில் வெளுத்திருந்தால் உப்புத்தாளின் வேலை. இரு பக்கமும் நெடுக்குக் கீறல்கள் நெருக்கமாக இருந்தால் யாரோ வேடிக்கைக்காக அடிக்கடி கழற்றி மாட்டியிருக்கிறார்கள். போருக்குப் பிந்தைய பழுதுபார்ப்பில் பூசிய கறுப்புப் பெயிண்ட் வேறு வகை: அது புளூயிங் போல மெல்ல மங்காது, விளிம்பில் செதில் செதிலாக உதிரும்.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். நாங்கள் பார்வையிட்ட காட்சியறை ஒன்றில், விழாவுக்காக மேகசின்களைக் கம்பித்தூரிகையால் தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் நான்கில் எண்ணே தெரியவில்லை. எனவே குறிப்பின் முதல் பக்கத்தில், எண்ணெய் தொட்ட மென்துணியைத் தவிர வேறெதுவும் மேகசினில் படக்கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் சேர்த்துள்ளோம்.

2ஏ1 மேகசின்களின் முத்திரைகளைப் போதிய அளவில் பார்க்க இயலாததால், அப்பகுதியை வரும் ஆண்டுக்கு ஒத்திவைக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்