மேலூர் ரோட்டில் தப்பி வந்த தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை மேலூர் ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் திடீரென்று உன் முன்னால் யூ டர்ன் போட, அதன் கதவில் மோதாமல் மயிரிழையில் பைக்கை நிறுத்தித் தப்பியதைச் சொன்னாய். முதலில் ஒரு வேலை செய். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார். டயரின் நடுப்பட்டையில் ஓரிடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மழமழவென்று இருக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாவிட்டாலும் விரலை ஓட்டினால் தட்டுப்படும். வளைவாக வந்துகொண்டிருக்கும் ரப்பர் அங்கே மட்டும் தட்டையாகி, ஓரத்தில் சின்னச் சின்னச் சுருளாக உரிந்து நிற்கும். உரிந்து போன மிச்சம் கொட்டாம்பட்டிக்கும் மேலூருக்கும் நடுவே கருப்புக் கோடாகக் கிடக்கிறது. அந்தத் தட்டையான இடத்தில் காடி ஆழம் மற்ற இடத்தை விடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருந்தாலோ, உள்ளே நூல் தெரிந்தாலோ டயரை மாற்றிவிடு. பணத்தைப் பார்க்காதே.

"பின்னாடி பாம்பு மாதிரி நெளிஞ்சுதுண்ணே, எப்படி நின்னுச்சுன்னே தெரியல" என்று சொன்னாய் அல்லவா, அதற்குக் காரணம் இந்தத் தேய்மானத்தில்தான் இருக்கிறது. கால் பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறாய், பின் சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இப்படிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ், உன் 150 சிசி வண்டியில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேல் எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்று வந்தபோது, ஒரு சக்கரத்துக்கு மட்டும் வேலை செய்யும் சிங்கிள் சேனல் இருந்தாலே போதும் என்று விட்டுவிட்டார்கள். பின்னால் பூட்டிக்கொள்வதைத் தடுக்க உன் வண்டியில் எதுவும் இல்லை. பிரேக் பிடித்ததும் எடை முழுக்க முன்னால் சாயும், பின் சக்கரம் ரோட்டை விட்டுத் தூக்கிக்கொள்ளப் பார்க்கும். பிடிப்பே இல்லாத சக்கரத்தின் மேல்தான் நீ உன் பலத்தையெல்லாம் போட்டிருக்கிறாய். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது, அதை நீ பாதிதான் பிடித்திருப்பாய்.

இதற்காக உன்னைத் திட்ட மாட்டேன். 1981-ல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் குழுவினர், லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் சுமார் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அங்கேயும் ஓட்டியவர்கள் செய்தது இதைத்தான்: பின் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. ஆபத்து தொடங்கியதிலிருந்து மோதல் வரை அவர்களுக்குக் கிடைத்த நேரம் 2 நொடிக்கும் குறைவு. நம்மூரில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்குகிறோம். அவசரத்துக்கு எப்படி பிரேக் பிடிப்பது என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை.

இப்போது நீ திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "அந்த ஆள் என்னைப் பார்த்தாருண்ணே. பார்த்துட்டேதான் திருப்புனாரு. கையை வேற காட்டிட்டுப் போறாரு."

தப்பு அவருடையதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். நேராக வருகிற வண்டிக்கு வழி விட்டுவிட்டுத்தான் யூ டர்ன் போட வேண்டும். ஆனால் அவர் முகம் உன் பக்கம் திரும்பியதாலேயே அவர் உன்னைக் கண்டார் என்று ஆகிவிடாது. அந்த இடத்தை ஒரு முறை மனதில் நிறுத்திப் பார். நான்கு வழிச்சாலையின் மீடியன் முழுக்க இடுப்புக்கு மேல் வளர்ந்த அரளிச் செடி. நடுவே ஒரு கேப். எதிர்த் திசையில் வந்த கார் அந்தக் கேப்பில் நுழைகிறது. காரில் டிரைவரின் கண், முன் பம்பருக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் பின்னால் இருக்கிறது. அரளியைத் தாண்டி அவர் கண் ரோட்டைப் பார்க்க வேண்டுமானால் காரின் மூக்கு அதற்குள் இரண்டு மீட்டர் உன் லேனுக்குள் வந்திருக்கும். மூக்கு உனக்குத் தெரிகிற நேரத்தில் அவர் கண் இன்னும் செடிக்குள்தான் இருக்கிறது.

அதோடு விடவில்லை. திரும்பும்போது நீ வருவது அவருக்கு இடது கைப் பக்கம். அவர் உட்கார்ந்திருப்பதோ வலது சீட்டில். நடுவே பக்கத்து சீட்டில் ஒரு ஆள், அதற்கு அப்பால் முன் கண்ணாடியைத் தாங்குகிற இடது தூண். தூரத்தில் வருகிற ஒரு பைக் முழுதாக அந்தத் தூணுக்குப் பின்னால் மறைந்துவிடும். கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிற அந்தக் கணத்தில் மூளை படத்தை வாங்கிக்கொள்வதும் இல்லை. சட்டென்று தலையைத் திருப்பி "ரோடு காலி" என்று முடிவு கட்டுகிறவர், இடையில் இருந்த ஒரு துண்டு ரோட்டைப் பார்க்கவே இல்லை.

நீ அப்போதுதான் ஒரு லாரியை ஓவர்டேக் எடுத்துவிட்டு, இடது லேனுக்குத் திரும்பாமல் மீடியனை ஒட்டியே போயிருக்கிறாய். கேப்பில் நிற்பவருக்கு நீ தனியாகத் தெரிய மாட்டாய். லாரியின் பெரிய உருவத்தில் ஒரு புள்ளியாக ஒட்டிக்கொண்டிருப்பாய். அவர் கணக்குப் போட்டது லாரிக்கு. "லாரி தூரத்தில் வருது, திருப்பிடலாம்" என்று நினைத்திருப்பார். கையைக் காட்டியது திமிர் என்று நீ எடுத்துக்கொண்டாய். நீ எங்கிருந்து வந்தாய் என்றே புரியாத ஒருவர் பதறிப்போய் காட்டிய கையாகவும் அது இருக்கலாம். அவர் பொறுப்பை இது ஒரு துளியும் குறைக்காது. அடுத்த கேப்பில் நீ என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் மாற்றும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 70 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 19 மீட்டருக்கு மேல் ஓடுகிறாய். காய்ந்த ரோடு, சுமாரான பிரேக்கிங், கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்தால் நிற்க 51 மீட்டர் வேண்டும். 60-ல் போனால் 40 மீட்டரில் நின்றுவிடலாம். இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 60-ல் வந்தவன் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில், 70-ல் வந்தவன் இன்னும் 41 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பான். 41-ல் கார் கதவில் மோதினால் என்ன ஆகும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இனி லேனைப் பார். ஒரு லேன் மூன்றரை மீட்டர் அகலம். கேப்பிலிருந்து 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து வருகிற கார் அதைக் கடக்க முக்கால் நொடிக்கு மேல் ஆகும். இடது லேனில் இருந்திருந்தால் அந்த நேரம் உன் கணக்கில் சேர்ந்திருக்கும். 70-ல் அது 16 மீட்டர். நீ நின்றது கதவுக்கு ஒரு முழம் தள்ளி.

ஆகவே இனிமேல் மீடியனில் அரளி வரிசை அறுபடுகிற இடம் தூரத்தில் தெரிந்ததும் இடது லேனுக்கு வந்துவிடு. ஆக்ஸிலேட்டரை விட்டு வேகத்தைப் பத்தாவது இறக்கு. வலது கையின் இரண்டு விரல் பிரேக் லீவர் மேல் இருக்கட்டும். லாரியை ஓவர்டேக் எடுக்க வேண்டியிருந்தால் கேப் தாண்டும் வரை அதன் பின்னாலேயே பொறுத்திரு. நிற்கிற காரில் டிரைவர் முகத்தைத் தேடாதே, முன் சக்கரத்தைப் பார். அலாய் வீலின் கம்பிகள் அசைந்தால் கார் நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், பாடி நகர்வது அதற்கப்புறம்தான் உனக்குத் தெரியும்.

அந்த ராத்திரி தூங்கவில்லை என்றாய். கண்ணை மூடினால் வெள்ளைக் கதவு வந்து நிற்கிறது, பக்கத்துத் தெருவில் ஹாரன் அடித்தால் உடம்பு தூக்கிப் போடுகிறது, முன்கையும் கழுத்தும் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது. தம்பி, இது கோழைத்தனம் இல்லை. மோதல் நடந்தால் தாங்குவதற்கு உடம்பு அட்ரினலினைக் கொட்டித் தன்னைத் தயார் செய்துகொண்டது, மோதல் மட்டும் நடக்கவில்லை. கை நடுக்கம், நாக்கு வறட்சி, ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது, பிறகு வந்த அசதி எல்லாம் அதன் பாக்கி. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்ததில் வந்தது கை வலி. மரத்துப்போவது, கைக்குள் இறங்குகிற வலி மாதிரி ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டு.

அந்த ஆளைத் துரத்திப் பிடிக்காமல் விட்டதற்கு இப்போது உனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ செய்த மிகச் சரியான காரியம் அதுதான். அந்த நடுக்கத்தில் பார்வை குழாய்க்குள் பார்ப்பது போலக் குறுகிப்போகும், பக்கத்தில் வருவது தெரியாது. இரண்டாவது விபத்து அப்படித்தான் நடக்கிறது. இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் ஓரமாக நிறுத்து, சாவியை எடு, இறங்கி நிழலில் உட்கார், தண்ணீர் குடி. வண்டி நம்பர், நேரம், பக்கத்துக் கிலோமீட்டர் கல், எந்தத் திசை என்று போனில் குறித்துக்கொள். குறைந்தது அரை மணி நேரம் வண்டியைத் தொடாதே. புகார் கொடுக்க நினைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவு இருக்கிறது. ஆபத்தாக வண்டி ஓட்டினால் முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. பக்கத்தில் டீக்கடையோ பங்க்கோ கேமராவோடு இருந்தால் சீக்கிரம் கேள், பழைய பதிவு மேல் புதுசு ஏறிவிடும்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்று வீட்டுக்கு வருகிறவர் எல்லாம் சொல்லிவிட்டு, முதலிலிருந்து கதை கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஏழாவது ஆளிடம் சொல்லும்போது கை மறுபடி வியர்க்கிறது என்றால் சொல்லாதே. "நல்லா இருக்கேன், அப்புறம் பேசலாம்" போதும். யாரிடம் பேசினால் மனம் இறங்குகிறதோ அவரிடம் மட்டும் பேசு. வற்புறுத்திப் பேச வைப்பதால் யாருக்கும் சீக்கிரம் சரியாவதில்லை. அம்மா சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னால் மறுக்காமல் செய். சாவியை ஒளித்து வைத்திருப்பதற்கும் கோபப்படாதே. அவர்களுக்கும் அந்த வெள்ளைக் கதவு கண்ணில் வருகிறது, நேரில் பார்க்காததால் இன்னும் பெரிதாக வருகிறது.

பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் இது தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் வராமல், அந்த ரோட்டையே தவிர்க்க ஊர் சுற்றிப் போகிறாய் என்றால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடு, அது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மறுபடி ஓட்டுவதைத் தள்ளிக்கொண்டே போகாதே, அதே நேரம் வீராப்பில் நாளைக்கே மதுரைக்கும் கிளம்பாதே. முதலில் வண்டி. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டு. ஹேண்டில்பார் கழுத்தில் 'டக் டக்' என்று கேட்டால், ஹேண்டில் திரும்புகிற பேரிங்கான கோன்செட் லூஸ். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா பார். பிரேக் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும், லீவர் ஸ்பான்ஜ் மாதிரி அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது. டயர் காற்றை வண்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் அளவுக்கு, டயர் ஆறியிருக்கும்போது வை. பங்கில் கேட்காமலே ஏற்றிவிடுகிற 35, 40 வேண்டாம். காற்று அதிகமானால் டயர் ரோட்டில் பதிகிற இடம் சுருங்கும், பின் சக்கரம் இன்னும் சுலபமாகப் பூட்டிக்கொள்ளும்.

பிறகு ஒரு காலி மைதானம், தார் போட்டதாக இருந்தால் நல்லது. ஹெல்மெட், ஷூ, கிளவுஸ். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. 30 கி.மீ. வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடி. முன் லீவரைப் பிடுங்காதே, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி பிழி. முதலில் லூஸ் போகும் வரை, அடுத்து ஃபோர்க் அமுங்கும் வரை, அதற்கப்புறம்தான் முழு அழுத்தம். கால் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். கடைசியில் கிளட்ச். எத்தனை அடியில் நின்றது என்று அளந்து எழுது. பத்து முறை செய்துவிட்டு வேகத்தை 40 ஆக்கு. லீவர் கையில் துடிக்கும், அது ஏபிஎஸ் வேலை செய்வது, பயந்து விட்டுவிடாதே. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு நேராக வழுக்கினால் காலை மெதுவாக விடு. ஏற்கெனவே பக்கவாட்டில் போய்விட்டிருந்தால் சட்டென்று விடக் கூடாது, சக்கரம் திடீரென்று பிடித்து உன்னைத் தூக்கி எறிந்துவிடும். வெள்ளிக்கிழமை நீ கடைசி வரை காலை எடுக்காமல் இருந்ததும் நல்லதாகப் போயிற்று.

இதைச் செய்து முடித்த பிறகு, ஒரு நாள் காலையில் பஸ்ஸில் ஏறி அந்தக் கேப்புக்குப் போ. வண்டி வேண்டாம். ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளி, அந்தப் புளியமரத்தடியில் அரை மணி நேரம் நில். எத்தனை கார் திரும்புகிறது, எத்தனை பேர் மூக்கை நீட்டிவிட்டு நிற்கிறார்கள், எத்தனை பேர் நிற்காமலே வருகிறார்கள் என்று எண்ணு. அந்த எண்ணிக்கையையும், மைதானத்தில் 40-ல் எத்தனை அடியில் நின்றாய் என்பதையும் எனக்கு எழுது. ஆனால் முதலில் அந்த டயர்.

அன்புடன்,
அண்ணன்