சொறிந்துகொண்டே இருக்கும் குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைகளின் கல்லீரல் நோய் பற்றி எழுதும்போது மஞ்சள் காமாலையோடு நிறுத்திவிடாதீர்கள். என் மகளுக்கு வந்திருப்பது பி.எஃப்.ஐ.சி. என்னும் அரிய நோய். பித்தநீர் வெளியேறாமல் கல்லீரலிலேயே தேங்கிவிடும். கொடுமை என்றால் அரிப்புதான். இரவில் கைகளுக்குக் காலுறை மாட்டித் தூங்கவைப்போம். அதையும் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு, காது மடலில் ரத்தம் கசியும்வரை சொறிவாள். தோல் நோய் என்று முதலில் களிம்புதான் கொடுத்தார்கள்.

மரபணுப் பரிசோதனைதான் விடை சொன்னது. ஏபிசிபி11 என்ற மரபணு, பித்த உப்பைக் கல்லீரல் செல்லிலிருந்து வெளியே தள்ளும் புரதத்தை உருவாக்குகிறது. அதன் பழுதான பிரதி ஒன்று என்னிடமிருந்தும் இன்னொன்று என் மனைவியிடமிருந்தும் வந்திருக்கிறது. எங்கள் இருவருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. "மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்டாளோ" என்று உறவினர்கள் அவளைக் குத்திக்காட்டுவது அன்றோடு நின்றது. இதற்காகவே அந்த மரபணுவைக் கண்டறிந்த ஆய்வாளர்களுக்கு நான் கடமைப்பட்டவன்.

இந்த மரபணு அடையாளம் காணப்பட்டது 1998இல். அரிப்பைக் குறைக்கும் ஒடெவிக்சிபாட் மருந்துக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்ததோ 2021இல்தான். காரணம் தெரிந்த நோய்க்கே இவ்வளவு காலம்! பச்சிளங்குழந்தைகளின் பித்தநாளத்தை அடைத்துவிடும் பிலியரி அட்ரீசியாவுக்கு முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை.

அறுவை சிகிச்சையில் எடுக்கும் கல்லீரல் திசுவையும் தாய், தந்தை இருவரின் ரத்தத்தையும் சம்மதம் பெற்று ஆய்வுக்குச் சேமிக்க மருத்துவமனைகள் முன்வர வேண்டும். பெற்றோரும் தயங்காமல் கொடுங்கள். நாங்கள் கொடுத்துவிட்டோம்.

இப்படிக்கு,
ஒரு தந்தை