கிற்றார் நெக்கைச் செதுக்கிய வேலை பற்றிய முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.

முகாமையாளர்,
வாத்தியத் திருத்தப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

எங்கள் வகுப்பு மின்கிற்றாரின் நெக்கை, அதாவது கைபிடிக்கும் கழுத்துப் பகுதியை, சின்னக் கைக்கு ஏற்றபடி செதுக்கித் தருமாறு ஆனி மாதம் உங்களிடம் ஒப்படைத்தோம். நாலு திருகில் கழரும் மேப்பிள் நெக், 22 ஃபிரெட் (குறுக்கே பதித்த உலோகக் கம்பி), 648 மி.மீ. ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்). வேண்டிய அளவுகளை வேலைத்தாளில் எழுதியே கொடுத்தோம். திரும்பி வந்த நெக்கில் அவற்றில் பெரும்பாலானவை சரியாக இல்லை. போதாததற்கு வெடிப்பும் கண்டிருக்கிறது.

தாளில் இருந்தது இதுதான். நடுக்கோட்டில் 1 ஆம் ஃபிரெட்டில் 21.5 இலிருந்து 20.5 மி.மீ., 12 ஆம் ஃபிரெட்டில் 23.5 இலிருந்து 22.5 மி.மீ. அதற்குமேல் நடுவில் கைவைக்கக் கூடாது. மிச்ச மரம் முழுவதும் தோளிலிருந்துதான் போகவேண்டும். பின்வளைவு ஃபிரெட்போர்ட்டை (ஃபிரெட் பதித்த முன்பலகையை) நோக்கித் திரும்பும் அந்த இரண்டு பக்கங்களையும், தடித்த கம்பிப் பக்கம் சற்றுக் கூடுதலாக, 1.5 மி.மீ. வரை இறக்கச் சொன்னோம். சின்னக் கைக்குத் தடையாக நிற்பது தோள்தான். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை அங்கேதான் முட்டும். நீங்கள் தோளை அப்படியே விட்டுவிட்டு முதுகைத் தட்டையாக்கி அனுப்பியிருக்கிறீர்கள். பெருவிரலுக்கு இப்போது சாய இடமில்லை. ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பார் கோர்ட்டைப் பத்து நிமிடம் பிடித்தால் கை இறுகுகிறது.

வேணியரில் எடுத்த அளவுகள்: 1 ஆம் ஃபிரெட்டில் 18.1, 7 ஆம் ஃபிரெட்டில் 17.9, 12 ஆம் ஃபிரெட்டில் 22.4. அதாவது நடுவில் ஒரு பள்ளம். 1 இலும் 12 இலும் ஆழத்தை முதலில் வெட்டி, நேர்ச்சட்டம் வைத்து இரண்டையும் இணைத்த பிறகே பக்கங்களுக்குப் போகவேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. உங்கள் பதில் கடிதத்தில் 1 ஆம் ஃபிரெட்டில் 19.1 என்று இருக்கிறது. அது ஃபிரெட் கம்பியின் தலையிலிருந்து எடுத்த அளவு. அந்தக் கம்பியின் உயரம் 1 மி.மீ. நெக்கின் தடிப்பை மரத்திலிருந்துதான் அளப்பார்கள்.

வெடிப்புக்குக் காரணமும் இதே கணக்கில் இருக்கிறது. ஃபிரெட்போர்ட் 6 மி.மீ., அதன் கீழே இருபக்கமும் இயங்கும் ட்ரஸ் ரொட்டுக்கான (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) வாய்க்கால் 10 மி.மீ. 18.1 இல் இந்த 16 போனால் ரொட்டின் பின்னால் மிஞ்சுவது 2 மி.மீ. மரம். கம்பி இழுவைக்கு எதிராக ரொட்டை இறுக்கும்போது அதன் நடு மேலே எழும்ப, இரு முனைகளும் பின்பக்கத்தை அமுக்கும். நட்டுக்கு (நெக்கின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) அருகே பின்பக்கத்தில், 1 ஆம் 2 ஆம் ஃபிரெட்டுகளுக்கு இடையில், மயிர்க்கோடு போல 2 செ.மீ. நீள வெடிப்பு இருப்பதைப் படத்தில் காணலாம். நகத்தால் அழுத்தினால் அந்த இடம் உள்ளே போய் வருகிறது.

விறைப்பும் போய்விட்டது. விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தோடு மாறும் என்பதால் 21.5 ஐ 18.1 ஆக்கினால் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. 10-46 தடிப்புள்ள கம்பித் தொகுதியைக் கழற்றி, இழுவை குறைந்த 9-42 போட்டுப் பார்த்தோம். 1 ஆம் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்தும் கவ்வி) வைத்து, கடைசி ஃபிரெட்டை அழுத்தி, 7 ஆம் ஃபிரெட்டில் ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகட்டால்) பார்த்தால் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடைவெளி 0.7 மி.மீ. முன்பு 0.25 இருந்தது. வெடிப்பைப் பார்த்த பிறகு ரொட்டை மேலும் இறுக்க எங்களுக்குத் துணிவில்லை.

நட்டருகே அகலத்திலும் இதே கதை. 43 மி.மீ. ஐ 41 ஆக்கச் சொன்னோம், 40 ஆக்கியிருக்கிறீர்கள். அதைக்கூடப் பொறுக்கலாம். ஆனால் பழைய நட்டின் இரு முனைகளையும் அராவி அதையே திரும்ப ஒட்டியிருக்கிறீர்கள். முதல் கம்பியிலிருந்து ஆறாம் கம்பிக்கு 36 மி.மீ. அப்படியே இருப்பதால் ஓரத்தில் மிஞ்சுவது 2 மி.மீ.தான். புல்-ஒஃப் அடித்தால் (அழுத்திய விரலால் கம்பியைச் சுண்டி எடுத்தால்) மெல்லிய கம்பி விளிம்பைத் தாண்டி விழுகிறது. 40 க்கு 34 இடைவெளியில் புது நட் வெட்டியிருக்க வேண்டும். வெட்டிய ஃபிரெட் முனைகளை உருட்டாததால் உள்ளங்கையைக் கீறுகிறது. ஃபிரெட் இடத்தைக் காட்டும் பக்கப் புள்ளிகளில் மூன்று பாதி தேய்ந்துவிட்டன.

மேற்பூச்சு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். 120 உப்புத்தாளின் குறுக்குக் கீறல்கள் வெளிச்சத்தில் தெரிகின்றன. 180, 240, 320 என்று மரநார் வழியே போகவே இல்லை. நாள் இடைவெளியில் நாலு பூச்சு எண்ணெய் கேட்டோம், ஒன்றுதான் அடித்திருக்கிறீர்கள். கச்சான் என்றால் உங்களுக்கு வறுத்த கடலைதான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது ஆடி மாதத்தில் மரத்தை உலர்த்தும் காற்று. கார்த்திகையில் மழை தொடங்கியதும் அதே மரம் ஈரம் குடிக்கும். மூடாத மேப்பிள் இந்த இரண்டுக்கும் நடுவில் நேராக நிற்காது.

இன்னொன்று. ‘செதுக்கினால் சின்ன விரலும் நாலு ஃபிரெட் எட்டும்’ என்ற உங்கள் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். எவ்வளவு மரம் எடுத்தாலும் 648 ஸ்கேலில் நட்டிலிருந்து 1 ஆம் ஃபிரெட்டுக்கு 36.4 மி.மீ.தான். எட்டாத விரலுக்கு 610 ஸ்கேல் வேண்டும், அதில் 34.2.

அதே ஸ்கேலில், அதே அடிக்கட்டை அளவில் புதிய நெக் பொருத்தித் தாருங்கள். அல்லது வேலைக்கூலியையும் புதிய நெக்கின் விலையையும் தாருங்கள். எப்பொக்சி நிரப்பி, மேலே மரச்சீவல் ஒட்டித் தரும் யோசனையை ஏற்கமாட்டோம். பற்றுச்சீட்டு, வேலைத்தாள், ஆறு படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளோம். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இதே கடிதம் போகும். நெக்கைத் தபாலில் அனுப்பமாட்டோம். பார்க்க விரும்பினால் உங்கள் திருத்துநர் கல்லடிக்கு வரலாம்.

இப்படிக்கு,
கிற்றார் வகுப்பு ஆசிரியர்கள்