மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் குழு: ஞாயிறு கூட்டம்

வணக்கம் நண்பர்களே.

2024-25 சீசன் முடிந்துவிட்டது. பிரீமியர் லீக்கில் 38 ஆட்டங்களில் 18 தோல்வி, 42 புள்ளி, 15ஆம் இடம். நள்ளிரவு 12.30க்கு விழித்திருந்து பார்த்த யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்திலும் (பில்பாவோ நகரில்) டாட்டன்ஹாமிடம் 0-1. மனசு ஆறவில்லை. குழுவில் புலம்பியது போதும், கிளப்பின் ரசிகர் ஆலோசனைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுவோம்.

கூட்டம்: ஜூன் 1, 2025, ஞாயிறு, இரவு 7 மணி (இந்திய நேரம்), கூகுள் மீட்டில்.

1. உங்கள் முக்கியக் குறை ஒன்றை வெள்ளிக்குள் இங்கே எழுதுங்கள். ஒன்றே ஒன்று.
2. என் குறை டிக்கெட் விலை. சீசன் நடுவே உறுப்பினர்களுக்கான ஆட்ட டிக்கெட்டை 66 பவுண்டாக்கி, சிறுவர், முதியோர் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். நாம் டிவியில் பார்ப்பவர்கள்தான், ஆனாலும் பிள்ளையோடு மைதானத்துக்குப் போகும் அப்பாவுக்காக நாமும் பேச வேண்டும்.
3. 38 ஆட்டங்களில் 44 கோல்தான். முன்கள வீரர் யார், பயிற்சியாளர் அமோரிமின் மூன்று தடுப்பாளர் முறைக்கு ஆள் எங்கே என்றும் கேட்போம்.
4. வீரர்களையோ அவர்கள் குடும்பத்தையோ திட்டும் பதிவுகள் வேண்டாம். நீக்கிவிடுவேன்.

வருபவர்கள் "வருகிறேன்" என்று பதில் போடுங்கள். ஆங்கிலத்தில் நன்றாக எழுதுபவர் இருவர் தேவை, எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.