அத்தோ கடைவரை ஒரு நடை

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டார் என்று போன மாதம் சொன்னாய். அதிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கிறது. இந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எண்ணை எடுத்தேன். பேசி முடிகிற விஷயமில்லை என்று தோன்றியதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு. பாதிக் கடிதம் அவருக்குத்தான்.

போன சனிக்கிழமை நம் ஜார்ஜ் டவுனில் ஒரு சாப்பாட்டு நடைக்குப் போய்வந்தேன். ஃபுட் வாக் என்கிறார்கள். வழிகாட்டி ஒருவர் முன்னால் போவார். பத்துப் பன்னிரண்டு பேர் பின்னால் நடந்து, தெருவின் கதையைக் கேட்டுக்கொண்டே அங்கங்கே நின்று சாப்பிட வேண்டும். மகள்தான் பணம் கட்டி என் பெயரைக் கொடுத்தாள். "நீங்க வளர்ந்த இடத்தை வேற ஒருத்தர் காட்டினா எப்படி இருக்கும்னு பாருங்கப்பா" என்றாள்.

மாலை நான்கு மணிக்குப் பாரிமுனையில் கூடினோம். வழிகாட்டிப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ராயபுரத்துப் பெண். கூட வந்தவர்களில் பாதிப் பேர் ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகள். சென்னையிலேயே பத்து வருஷம் இருந்தும் பூக்கடைப் பக்கம் வந்ததில்லையாம். அந்தப் பெண் எடுத்த எடுப்பிலேயே எங்களைச் சாப்பிட அழைத்துப் போகவில்லை. டேர் ஹவுஸ் வளாகத்தில் இருக்கிற பழைய கல்தூண் ஒன்றின் முன் கொண்டுபோய் நிறுத்தினாள். அதற்கு எதிர்ப்பக்கம் நின்று நாம் எத்தனை ஆயிரம் முறை பஸ் பிடித்திருப்போம்! அந்தத் தூண் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பி வந்தது. அப்போது நம் ஆட்கள் குடியிருந்த கறுப்பர் நகரம் கோட்டைச் சுவரை ஒட்டியே இருந்தது, இப்போது ஹைகோர்ட் நிற்கிற பக்கத்தில். பீரங்கி சுடுவதற்கு வெட்டவெளி வேண்டும் என்று அந்த ஊரையே தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர் இடித்தது கொஞ்சம், ஆங்கிலேயர் இடித்தது மிச்சம். இதற்குமேல் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-ல் எல்லைக்கற்கள் ஆறு நட்டார்கள். அதில் மிஞ்சியது இது ஒன்றுதான். அந்த எல்லைக்கு வடக்கே போய் வீடிழந்த நம் ஆட்கள் புதிதாகக் குடியேறிய ஊர்தான் நம் ஊர். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரை வைக்கும்வரை அதுவும் கறுப்பர் நகரம்தான்.

அப்படியென்றால் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, மண்ணடிப் பக்கமெல்லாம் வீட்டை இழந்து மூட்டை முடிச்சோடு வந்தவர்களும் குடியேறிய இடங்கள். அதைக் கேட்டதும் பர்மாவிலிருந்து அப்படியே வந்த உங்கள் குடும்பத்தைத்தான் நினைத்தேன். அதற்கப்புறம் அந்தப் பெண் எந்தத் தெருவைப் பற்றிச் சொன்னாலும், 'இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள், கையில் என்ன கொண்டுவந்தார்கள்' என்றே என் காதில் விழுந்தது.

அரண்மனைக்காரத் தெரு இருக்கிறதே, அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மீனியன் தெரு என்பதுதான் நம் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆகியிருக்கிறது. 1772-ல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம் இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் கும்பிட வர ஆர்மீனியர்கள்தான் இல்லை. பவளக்காரத் தெருவும் அப்படித்தான். யூத வணிகர்கள் கப்பலில் பவளம் கொண்டுவந்து விற்றுவிட்டு வைரம் வாங்கிப் போனார்களாம். அவர்களும் இல்லை. தெருப்பெயர் மட்டும் நிற்கிறது. இவர்கள் சமையல் என்று ஒரு வாய் உணவாவது மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அதுதான் எனக்கு உறுத்தியது. பணமும் செல்வாக்குமாக இருந்தவர்கள் விட்டுப்போனது கல்லும் பெயரும்தான்.

காளிகாம்பாள் கோயில் வாசலில் இரண்டு நிமிஷம், கந்தகோட்டத்தில் இரண்டு நிமிஷம். வள்ளலார் வந்து பாடிய சந்நிதி முன்னால் இரண்டு நிமிஷம் என்பது எனக்குப் போதவில்லை. அவசரத்தில் அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தேன்.

தங்கசாலைத் தெருவுக்குள் நுழைந்ததும் நடை சூடுபிடித்தது. கம்பெனியின் நாணயச்சாலை 1840-களில் அங்கே வந்ததால் அந்தப் பெயர். சௌகார்கள், அதாவது வட்டிக்கடைக்காரர்களும் வியாபாரிகளும், ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்து தங்கிய இடம் சௌகார்பேட்டை. காகடா ராம்பிரசாத் கடையில் ஆளுக்கொரு ஜிலேபியும் பாதாம் பாலும் வாங்கிக் கொடுத்தாள். கடை வாசலில் பெரிய இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டே இருக்கும், உனக்கு நினைவிருக்கும். ஓரத்தில் படிகிற ஏட்டைக் கரண்டியால் வழித்து வழித்து நடுவில் தள்ளுவார்கள். நம் காலத்தில் அந்த வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். காசு சேர்ந்த அன்று இருவருக்கும் சேர்த்து ஒரே டம்ளர். அந்தப் பால் அப்படியேதான் இருக்கிறது. உதட்டில் ஏடு ஒட்டுகிறது.

அப்புறம் முறுக்கு சாண்ட்விச். நாம் இருந்தபோது இது கிடையாது, இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டோம். ரொட்டிக்குப் பதிலாக உள்ளங்கை அகலத்தில் இரண்டு முறுக்கு. நடுவில் புதினாச் சட்னி தடவி, வெள்ளரி, தக்காளி, வெங்காயம் வட்ட வட்டமாக அரிந்து வைத்து, மேலே மசாலா தூவிக் கொடுக்கிறார்கள். உடனே கடிக்க வேண்டும். இரண்டு நிமிஷம் தாமதித்தால் முறுக்கு நமத்துப்போகும். வடக்கத்திப் பிள்ளைகளின் சாண்ட்விச்சும் நம் வீட்டு முறுக்கும் ஒரே தெருவில் பல வருஷம் பக்கத்தில் பக்கத்தில் குடியிருந்தால் இப்படித்தான் சம்பந்தம் ஆகும். எனக்கு மிகவும் பிடித்தது.

என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடைக்குப் போகும்போது இருட்டிவிட்டது. அங்கே நெய் இட்லியும் ஊத்தப்பமும்தான். சின்னச் சின்ன இட்லிகள் மேல் பொடியைக் கொட்டி, நெய்யை ஊற்றித் தருகிறார்கள். கூட்டம் தெருவரை நிற்கிறது. எனக்கு இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. ஒரே மாலையில் ஏழெட்டு இடம் என்பது அதிகம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மூன்று இடம் போதும், உட்கார்ந்து சாப்பிடலாம், கடைக்காரரோடு பேசலாம். அவளும் ஒத்துக்கொண்டாள். வருகிறவர்கள் நிறைய கடைகளை எதிர்பார்க்கிறார்களாம்.

கடைசியாக, நீ இவ்வளவு நேரம் எதற்குக் காத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடை, உங்கள் பர்மா நூடுல்ஸ்.

தள்ளுவண்டியைச் சுற்றி நின்றோம். அவள் பர்மா கதையைச் சொன்னாள். 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது, 1964-ல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின, தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள், வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள், 1969-ல் பர்மா பஜார் வந்தது. எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். பர்மிய மொழியில் கலந்து பிசைந்ததற்கு 'அத்தோ' என்று பெயர் என்பதையும் சொன்னாள். ஐந்து நிமிஷத்தில் கதை முடிந்துவிட்டது. பிள்ளைகள் போட்டோ எடுத்தார்கள்.

எனக்கு அந்த ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. உன் அப்பா பஜாரில் கடை போட்ட பிறகு நீங்கள் வியாசர்பாடியிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்தது, முதல் தீபாவளிக்குப் பலகாரத் தட்டுக்குப் பதிலாக உன் அம்மா ஒரு கிண்ணத்தில் அத்தோ கொடுத்தனுப்பியது, என் அம்மா அதை எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் ரசம் ஊற்றலாமா என்று கேட்டனுப்பியது, உன் அம்மா சிரித்துக்கொண்டே நேரில் வந்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்து கையால் பிசைந்து காட்டியது, இதெல்லாம் எந்த நடையில் சேரும்?

கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். பாட்டி ரங்கூனில் பிறந்தவராம். அவர் பிசைவதை அருகில் நின்று பார்த்தேன். ஒரு பிடி நூடுல்ஸ், மெல்லிசாக அரிந்த முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள், உப்பு. கடைசியில் பூண்டு எண்ணெய் ஒரு கரண்டி. பேஜோவை, அந்த மொறுமொறுப்பான தட்டை மாதிரிப் பலகாரத்தை, ஒரு கையாலேயே நொறுக்கிப் போட்டு, விரல்களை விரித்து அடியிலிருந்து மேலே இரண்டு தடவை புரட்டினார், அவ்வளவுதான். மூன்றாம் தடவை புரட்டினால் கோஸ் தண்ணீர் விட்டுவிடும் என்று உன் அம்மா சொல்வார். அவரும் மூன்றாம் தடவை புரட்டவில்லை. வாயில் வைத்ததும் அந்தப் பூண்டு எண்ணெய் மணம்! ஐம்பது வருஷம் ஒரே நொடியில் சுருங்கிவிட்டது. அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வாழைத்தண்டு சூப்பும் கொடுத்தார்கள். அந்தப் பெண் அதை மொய்ங்கா என்றாள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பர்மாவில் மொய்ங்கா என்றால் மீன் குழம்பு, கெளுத்தி மீன் போட்டுச் செய்வது, வாழைத்தண்டு அதில் கூடப் போவது. இங்கே மீன் போய்த் தண்டு மட்டும் நின்றிருக்கிறது. என் நண்பனின் அம்மா மீன் போட்டுத்தான் செய்வார், எங்கள் அம்மாவுக்காக ஒரு சின்னப் பாத்திரத்தில் மீன் போடாமல் தனியாக எடுத்து வைப்பார், தண்டை வட்டமாக நறுக்கி நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுப்பதை நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம் என்று சொன்னேன். எல்லோரும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். கடைக்காரர் கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். "எங்க பாட்டியும் மீன் போட்டுத்தான் செய்வாங்கன்னு அம்மா சொல்லும். நான் பார்த்ததில்லை" என்றார். அவருடைய பாட்டி இப்போது இல்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். உன் அம்மா இருக்கிறார். எண்பது தாண்டியும் நினைவு தெளிவாக இருக்கிறது. நீ தினம் அரை மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுது. போனில் பதிவு செய்தாலும் சரி. ரங்கூனில் வீட்டுக்கு நூடுல்ஸ் எங்கிருந்து வந்தது? வியாசர்பாடிக்கு வந்த முதல் வருஷத்தில் அந்த நூடுல்ஸ் கிடைக்காதபோது எதை வைத்துச் செய்தார்? கடைகளில் இருக்கிற இந்த ஆரஞ்சு நிறம் எப்போது வந்தது? அம்மா செய்தது வெள்ளையாகத்தான் இருந்தது என்பது என் நினைவு. வறுத்த கடலைமாவு போடுவாரே, அது எவ்வளவு? மொய்ங்காவுக்கு மீனைத் தனியாக வேகவைத்து உதிர்ப்பாரா, குழம்பிலேயே போடுவாரா? இங்கே யாரிடம் கேட்பது? வழிகாட்டிப் பெண்ணும் ஆவலாக இருக்கிறாள். அம்மா சம்மதித்தால் அவர் சொன்னதை அந்த அத்தோ வண்டி முன்னால் நின்று அவர் பெயரைச் சொல்லியே சொல்கிறேன் என்றாள். அவள் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன்.

நம் பழைய வீட்டுப் பக்கமும் போனேன், நடை முடிந்த பிறகு தனியாக. உங்கள் போர்ஷன் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் சாமான் கிடங்கு. முற்றத்துக் கிணற்றை மூடிவிட்டார்கள். அதைப் பற்றி அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

தைக்கு முன்னால் ஒரு வாரம் வந்துவிட்டுப் போ. வெயில் இருக்காது. அம்மாவையும் அழைத்து வா. காலையில் கோவையிலிருந்து கிளம்பினால் மதியம் சென்ட்ரலில் இறங்கலாம், நான் வண்டியோடு வந்து நிற்கிறேன். அவர் எங்கும் நடக்க வேண்டாம். அத்தோக்காரர் மாலை ஆறு மணிக்கு வண்டியைப் போடுகிறார். ஒரு ஸ்டூல் கேட்டு வைத்திருக்கிறேன், தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கெளுத்தி மீனுக்கு மட்டும் முதல்நாளே சொல்ல வேண்டும். அதனால் தேதியைச் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
உன் பக்கத்து வீட்டுக்காரன்